பெர்ஃபார்மன்ஸ் ரிக்ரஷன் – செயல்திறன் பின்னடைவு

"புது பில்டு போட்டதிலிருந்து ஸ்லோவா இருக்கு." தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் இதை இப்படித்தான் சொல்வார்கள். அறிக்கையில் எழுதும்போது அதுவே 'பெர்ஃபார்மன்ஸ் ரிக்ரஷன்' ஆகிவிடும். மென்பொருளின் புதுப் பதிப்பில் (பில்டு) விடை சரியாகத்தான் வருகிறது, ஆனால் நேற்றைவிட அதிக நேரமோ நினைவகமோ பிடிக்கிறது என்பது பொருள்.

'ரிக்ரஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன்: 'ரெ' என்றால் பின்னோக்கி, 'கிராடி' என்றால் அடி வைத்தல். புள்ளியியலுக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் ஃபிரான்சிஸ் கால்டன். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதை 1886இல் இப்படிக் குறித்தார். அங்கே தமிழில் 'தொடர்புப் போக்கு' என்கிறோம். மென்பொருளுக்கு அது ஆகாது. இங்கே பின்னால் போவதுதான் விஷயமே.

'சரிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. சரிவு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது. தரவு பெருகப் பெருக நிரல் மெதுவாவதற்கு வேண்டுமானால் பொருந்தும். ஒரு டெப்ளாய் (புதுப் பதிப்பை சர்வரில் ஏற்றுவது) முடிந்த கையோடு படி இறங்கியதுபோல் விழுவதற்குப் 'பின்னடைவு'தான் சரி. தேர்தல் செய்தி வாடை கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை.

அப்புறம், 'தானாகக் கண்டறிதல்': இந்தப் பின்னடைவை ஆள் பார்க்காமல் ஒரு கருவியே பிடிப்பது. நெல் மண்டிக்கான செயலி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ரசீதுப் பட்டியலுக்கு ஒரே கேள்வியில் (க்வெரி) தரவை எடுத்துவந்த நிரலை யாரோ மாற்றி, ரசீதுக்கு ஒரு கேள்வி வீதம் தரவுத்தளத்துக்கு அனுப்பிவிட்டார். 20 ரசீதில் தெரியாது, 2,000 ரசீதில் பக்கம் திணறும். ஆனால் குறுவை அறுவடை நேரத்தில் ரசீது குவிந்தாலும் அதே திணறல்தான். குற்றம் நிரலிலா, கூட்டத்திலா? அதனால் கருவி ஓர் அளவை மட்டும் பார்த்து மணியடிப்பதில்லை. போன வாரம் இதே நேரத்தோடு ஒப்பிடும். பழைய பதிப்பும் புதியதும் பக்கத்துப் பக்கத்து சர்வரில் ஓடினால் இன்னும் நல்லது. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காக இ. எஸ். பேஜ் 1954இல் வெளியிட்ட முறை இன்றும் இதற்கு உதவுகிறது: ஒவ்வொரு அளவீடும் வழக்கமான அளவிலிருந்து விலகுவதைக் கூட்டிக்கொண்டே போவது. தற்செயலான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நிலையான மாற்றம் மட்டும் கூட்டுத்தொகையில் ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் ஏறத் தொடங்கியது என்று பார்த்தால் எந்த டெப்ளாய் என்பதும் அகப்படும். அந்த இடத்துக்கு 'மாறுபுள்ளி' என்று பெயர் வைக்கலாம்.

சராசரியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். கல்லணையில் தண்ணீர் திறந்த கணக்கு சரியாகவே இருக்கும், பேராவூரணிப் பக்கம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். நூற்றில் மிக மெதுவான அந்த ஒரு கோரிக்கைக்கு (ரிக்வெஸ்ட்) எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றன என்று காட்டுவதுதான் 99ஆம் நூற்றுமானம்; அந்த ஒன்று அதையும் தாண்டும். 'டெயில் லேட்டன்சி', அதாவது வால்பகுதித் தாமதம், என்று இதைச் சொல்கிறார்கள். டெல்டாக்காரர்கள் இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை: 'கடைமடைத் தாமதம்'.

'தானியங்கிப் பின்னடைவு கண்டறிதல்' என்று ஒட்டி எழுதினால் பின்னடைவே தானாக இயங்குவதுபோல் ஆகிவிடும். 'பின்னடைவைத் தானாகக் கண்டறிதல்' என்று பிரித்து எழுதுங்கள். டெப்ளாய்க்கு மொழிபெயர்ப்புக் கருவிகள் 'வரிசைப்படுத்தல்' என்று போடுவதுண்டு. அது பட்டியலை வரிசையாக அடுக்கும் 'சார்ட்டிங்'குக்கான சொல். நல்லது கிடைக்கும்வரை டெப்ளாய் டெப்ளாயாகவே இருக்கட்டும்.