தெரியாத கேள்விக்கு விடை குறிக்கலாமா? கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்

நீட் எழுதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சனி, ஞாயிறுகளில் அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களும் வருவார்கள். மாடல் டெஸ்ட் முடிந்ததும் இரண்டு பக்கமும் வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், தெரியாததை அடிச்சு விடலாமா, இல்ல விட்டுடலாமா?"

எந்தத் தேர்வு என்று கேட்காமலே இதற்குப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். "மைனஸ் வந்தால் ரேங்க் போச்சு, விட்டுவிடு" என்பதும் தவறு, "அதிர்ஷ்டம் இருந்தால் அடிக்கும், போடு" என்பதும் தவறு. ஒவ்வொரு தேர்வும் தப்புக்கு ஒரு விலை வைத்திருக்கிறது. அந்த விலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீட்டை எடுத்துக்கொள்வோம். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியானால் 4, தப்பானால் 1 போகும், விட்டால் பூஜ்யம். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் நான்கில் ஒரு தடவை சரியாகும். நான்கு கேள்விக்கு 4 வரும், 3 போகும், மிச்சம் 1. ஆக, ஒன்றுமே தெரியாமல் குறித்தால்கூட சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம்தான். ஒரு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தால் அது முக்கால் மதிப்பெண்ணை நெருங்கும். இரண்டை நீக்கினால் ஒன்றரை.

யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு வேறு மாதிரி. பொது அறிவுத் தாளில் 100 கேள்விக்கு 200 மதிப்பெண், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். நான்கு கேள்வியைக் கண்ணை மூடிக் குறித்தால் 2 வரும், அதே 2 போகும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வங்கித் தேர்வுகளிலும் இதே கதைதான். அங்கே தப்புக்குக் கால் பங்குதான் கழியும், ஆனால் கேள்விக்கு ஐந்து விடைகள் என்பதால் கணக்கு மறுபடியும் பூஜ்யத்தில் வந்து நிற்கும். இந்தத் தேர்வுகளில் ஒரு விடையையாவது நீக்க முடிந்தால்தான் கை வைக்க வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் நெகட்டிவ் மார்க்கே கிடையாது. 200 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். இங்கேதான் எனக்கு மனம் வலிக்கும் ஒரு விஷயம் நடக்கிறது. விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்று குறிக்க ஐந்தாவதாக 'இ' (E) என்ற வட்டம் இருக்கிறது. எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்ற பயத்தில், தெரியாத கேள்விக்கெல்லாம் நேர்மையாக 'இ'-யை ஷேட் செய்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், முக்கியமாக முதல் தடவை எழுதுபவர்கள். 'இ'-க்குக் கிடைப்பது பூஜ்யம். அந்த இடத்தில் நான்கில் ஒன்றைக் குறித்தால் தப்பானாலும் அதே பூஜ்யம்தான், சரியானால் ஒன்றரை. 30 கேள்விக்கு 'இ' போட்டவர் சராசரியாக 11 மதிப்பெண்ணை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வருகிறார். பல லட்சம் பேர் எழுதும் தேர்வில் 11 மதிப்பெண் எவ்வளவு பெரிய இடைவெளி என்று கட் ஆஃப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதிகாரப்பூர்வ விதி தேர்வுக்குத் தேர்வு மாறலாம் என்பதால் ஹால் டிக்கெட்டோடு வரும் அறிவுரைகளை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள்.

சரி, சராசரி லாபம் என்றேன். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நீட்டில் ஒருவர் 20 கேள்வியைக் குருட்டாம்போக்கில் குறிக்கிறார் என்று வையுங்கள். 5 சரியானால் 20 வந்து 15 போகும், 5 மிச்சம். 7 சரியானால் 15 மிச்சம். 4 மட்டும் சரியானால் ஒன்றுமில்லை. 3 அல்லது அதற்கும் கீழே போனால் நட்டம். அப்படி நட்டத்தில் முடிய ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. ஆகவே குருட்டு யூகத்தை நம்பி யாரும் ரேங்க் வாங்க முடியாது. ஒரு விடையை நீக்கிய கேள்விகளில்தான் உண்மையான மதிப்பெண் இருக்கிறது.

நீக்குவது என்றால் என்ன என்று ஒரு கணக்கில் பார்ப்போம். பூமியில் விடுபடு வேகம், அதாவது அதன் ஈர்ப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம், விநாடிக்கு 11.2 கி.மீ. பூமியைப் போல 4 மடங்கு ஆரமும் அதே அடர்த்தியும் உள்ள கோளில் எவ்வளவு? விடைகள் 11.2, 22.4, 33.6, 44.8. மாணவிக்குச் சூத்திரம் பாதிதான் ஞாபகம் வருகிறது: ஏதோ ஒரு வர்க்கமூலம், உள்ளே நிறையும் ஆரமும். அதே அடர்த்தியில் கோள் பெரிதானால் நிறை கூடும், இழுவையும் கூடும். ஆகவே 11.2 இருக்காது. வர்க்கமூலத்துக்குள் 4-ன் அடுக்குகள்தான் வரும், அதிலிருந்து 3 மடங்கு பிறக்காது. ஆகவே 33.6-ம் போயிற்று. மீதி 22.4, 44.8. இங்கே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் பிள்ளை ஒன்றரை மதிப்பெண்ணைத் தூக்கி எறிகிறது. இன்னும் அரை நிமிடம் இருந்தால் நிறை 64 மடங்கு, ஆரம் 4 மடங்கு, வகுத்தால் 16, மூலம் 4 என்று 44.8-க்கே வந்துவிடலாம். யூகத்துக்கு உட்கார்ந்த பல பேர் விடைக்கே போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். காரணம் சொல்லி நீக்கத் தொடங்கும்போது மறந்தது ஞாபகம் வரும்.

ஆனால் எல்லாக் கேள்வியும் இப்படி இடம் கொடுக்காது. யுபிஎஸ்சியில் 2023 தாளை எடுத்துப் பாருங்கள். நர்மதை, காவிரி, தபதி ஆகியவற்றில் அரபிக்கடலில் கலப்பவை எவை என்று பழைய பாணியில் கேட்டால் விடைகள் '1, 2 மட்டும்', '2, 3 மட்டும்', '1, 3 மட்டும்', 'மூன்றும்' என்று இருக்கும். காவிரி அங்கே போகாது என்பது மட்டும் தெரிந்தாலே போதும், விடை கையில். அதையே 'எத்தனை ஆறுகள்?' என்று கேட்டு 'ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை' என்று விடை கொடுத்தால், காவிரி தெரிந்து நீங்கள் நீக்க முடிவது 'மூன்றும்' என்ற ஒன்றைத்தான். எடுத்துக்காட்டுக்காக எளிய கேள்வியைச் சொன்னேன், தாளில் வருவது இப்படி இருக்காது. 2023-ல் இந்த 'எத்தனை' வகைக் கேள்விகள் நிறைய வந்தன. பழைய தாள்களில் நீக்கிப் பழகி, அந்த நம்பிக்கையில் நூறையும் நிரப்பியவர்களுக்கு அது பெரிய அடி.

இன்னொரு பொறி, 'எனக்கு இதுதான் தோணுது' என்ற உணர்வு. கேள்வி தயாரிப்பவர் தவறான விடைகளைச் சும்மா எழுதுவதில்லை. அரைகுறையாகப் படித்தவர் செய்யும் தப்பு எந்த எண்ணில் போய் முடியுமோ, அந்த எண்ணை விடையாக வைப்பார். அதனால் காரணமே இல்லாமல் கண்ணுக்குப் பிடித்த விடையைக் குறித்தால், நான்கில் ஒன்று என்ற வாய்ப்புகூடக் கிடைக்காமல் போகலாம். நெகட்டிவ் இல்லாத தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தில் பத்து கேள்வி பாக்கி என்றால், படித்துப் பார்த்துத் தடுமாறாமல் ஏதோ ஒரே எழுத்தை முடிவு செய்து எல்லாவற்றுக்கும் குறித்துவிடுங்கள். 'சி'-தான் அதிகம் வரும், மூன்று 'பி' தொடர்ந்து வராது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

இத்தனையும் சராசரிக் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி மாடல் டெஸ்ட். வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு குறி போடச் சொல்வேன்: நிச்சயமாகத் தெரிந்ததற்கு டிக், இரண்டுக்குள் கொண்டுவந்ததற்கு '2', மூன்றுக்குள் என்றால் '3', ஒன்றும் தெரியாததற்குப் பெருக்கல் குறி. ஆன்சர் கீயோடு ஒப்பிடும்போது மொத்த மதிப்பெண்ணை அப்புறம் பாருங்கள். முதலில் '2' போட்டவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். பாதிக்குப் பக்கத்தில் வந்தால் நீங்கள் நீக்குவது சரியாக இருக்கிறது, தைரியமாகக் குறிக்கலாம். கால்வாசிதான் வந்தால், சரியான விடையையே அடித்துவிட்டு மீதி இரண்டில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அது யூகத்தில் உள்ள பிரச்சினை இல்லை, அந்தப் பாடத்தில் அடிப்படை தப்பாகப் பதிந்திருக்கிறது. ஒரே பிள்ளைக்கு உயிரியலில் ஒரு மாதிரி, இயற்பியலில் வேறு மாதிரி வரும். அதனால் பாடவாரியாக எண்ணுங்கள். டிக் போட்டவற்றில் எத்தனை தப்பு என்பதையும் பாருங்கள், அது சில சமயம் இதைவிட முக்கியமாக இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். மாடல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் நெகட்டிவ் எண்ணிக்கை சிவப்பில் தனியாக அச்சாகி வரும். வீட்டில் முதலில் கண்ணில் படுவது அதுதான். "ஏன் பதினாலு மைனஸ்?" என்று அப்பா ஒரு தடவை கேட்டுவிட்டால், அடுத்த டெஸ்டில் அந்தப் பிள்ளை முப்பது கேள்வியை விட்டுவிட்டு வரும். மைனஸ் குறைந்திருக்கும், மொத்தமும் குறைந்திருக்கும். பயத்தில் நிறைய விடுபவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் என்பதே என் அனுபவம். இரண்டுக்குள் கொண்டுவந்த 30 கேள்வியில் 14 தப்பாகி 16 சரியானால் 14 போய் 64 வந்திருக்கிறது, லாபம் 50. அந்த 16 கேள்விக்கு ரிப்போர்ட்டில் தனி நிறம் கிடையாது. அதனால் சிவப்பு எண்ணைப் பற்றிப் பேசும் முன் வினாத்தாளை வாங்கி, பென்சிலால் '2' என்று எழுதிய கேள்விகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.