கரடிச் சந்தையா, இறங்குமுகமா?

பங்குச் சந்தை தன் உச்சத்திலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கிவிட்டால் அதை 'பேர் மார்க்கெட்' (bear market) என்பார்கள்; 'பேர்' என்றால் கரடி. அந்த 20 சட்டம் வகுத்த எல்லை அல்ல, சந்தைக்காரர்களின் வழக்கம். வணிகப் பக்கங்களில் இது 'கரடிச் சந்தை' என்று வருகிறது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை.

கரடி எங்கிருந்து வந்தது? கரடியைப் பிடிக்கும் முன்பே அதன் தோலை விற்பது பற்றி ஐரோப்பாவில் ஒரு பழமொழி உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சிலர் கையில் இல்லாத பங்கை விற்றார்கள். ஒப்படைக்கும் நாளுக்குள் விலை இறங்கும், மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. இவர்களைக் 'கரடித்தோல்காரர்' என்றார்கள். நாளடைவில் தோல் உதிர்ந்து கரடி மட்டும் நின்றது. 1720-இல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிந்த காலத்தில் இந்தச் சொல் பரவலாகப் புழங்கியது. கரடி நகத்தால் கீழ்நோக்கி அறையும் என்ற விளக்கம் பின்னால் சேர்ந்தது.

ஆக, கரடி முதலில் சந்தையே அல்ல, ஓர் ஆள். இன்று 'ஷார்ட் அடிப்பவர்' என்கிறோமே, அவர். இருபது வருடம் பணத்தைப் போட்டு வைக்கிறவருக்கு அவருடைய சொல் எதற்கு? அதோடு, தமிழில் 'கரடி விடுகிறான்' என்றால் புளுகுகிறான் என்று பொருள். சந்தையில் நடந்த இறக்கமோ புளுகு அல்ல.

நம்மிடம் ஏற்கெனவே 'இறங்குமுகம்' இருக்கிறது. இதில் முகம் என்பது திசை. காய்ச்சல் இறங்குமுகம் என்கிறோம், தங்கம் விலை இறங்குமுகம் என்கிறோம். எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் சொல்லும் சொல் இது. எவ்வளவு நாள், எவ்வளவு ஆழம் என்று சொல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு: 2008 ஜனவரி 8 அன்று மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 20,873 புள்ளியில் முடிந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. அதாவது ஒரு லட்ச ரூபாய் ஏறக்குறைய 39,000 ஆனது. 61 சதவீத இறக்கம். ஆனால் பழைய இடத்துக்கு வர 61 சதவீத ஏற்றம் போதாது; அந்த 39,000 மறுபடி ஒரு லட்சமாக 156 சதவீதம் வேண்டும். 2010 தீபாவளியை ஒட்டி அந்த உயரம் திரும்பியது. அங்கே நிற்கவில்லை, மறுபடி இறங்கியது. 2010-இன் உச்சத்தைத் தாண்ட 2013 அக்டோபர் கடைசி ஆயிற்று. பழைய வரைபடத்தில் இந்த ஐந்தே முக்கால் வருடம் ஒரு விரல் அகலம்தான்; மாதாமாதம் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) கட்டியவருக்கு அது கிட்டத்தட்ட 70 தவணை.

எல்லா இறங்குமுகமும் இவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்றும் இல்லை. ஜப்பானின் நிக்கி குறியீட்டெண் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை 2024 பிப்ரவரியில்தான் தாண்டியது.

'வீழ்ச்சி' வேறு. அது திடீரென்று விழுவது. பத்து சதவீதத்தை ஒட்டிய இறக்கத்துக்குத் 'திருத்தம்' என்ற சொல் நிலைத்துவிட்டது, அது இருக்கட்டும். எழுதும்போது இப்படிப் பிரிக்கலாம்: '2020 பிப்ரவரி, மார்ச்சில் சந்தை இறங்குமுகமாக இருந்தது, மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் வீழ்ந்தது, அதே ஆண்டு நவம்பரில் புதிய உச்சம் தொட்டது.'