ஈகோ: தமிழில் என்ன சொல்லலாம்?

"அவளுக்கு ஈகோ ஜாஸ்தி", "ரெண்டு பேருக்கும் ஈகோ கிளாஷ்". மாமியார் முதல் மேனேஜர் வரை எல்லார் வாயிலும் புழங்குகிற சொல் இது. லத்தீனில் இதற்கு வெறும் 'நான்' என்றுதான் பொருள். திமிர் வாடையே கிடையாது.

1923-இல் மனத்தை மூன்றாகப் பகுத்து எழுதிய உளப்பகுப்பாய்வு அறிஞர் ஃப்ராய்ட், அதில் ஒன்றுக்கு 'தாஸ் இஷ்' என்று பெயர் வைத்தார். சாதாரண ஜெர்மன் பேச்சில் வருகிற அதே 'நான்'தான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் லத்தீனுக்குப் போய் 'ஈகோ'வை எடுத்து வந்தார்கள். ஃப்ராய்டின் ஈகோ ஒரு பஞ்சாயத்துக்காரர் மாதிரி. ஆசை ஒரு பக்கம் இழுக்கும், மனசாட்சி இன்னொரு பக்கம் அதட்டும். இரண்டையும் சமாளித்து அன்றாடத்தை ஓட்டுவது அதன் வேலை. தெருவுக்கு வந்த பிறகுதான் அது வசவாகிவிட்டது.

அந்த வசவுக்குத் தமிழில் சொல்லா இல்லை? 'அஹம்' என்ற வடமொழி 'நானி'ல் இருந்து வந்தது அகங்காரம். ஆணவம் இன்னும் சுவையானது. சைவ சித்தாந்தத்தில் அது மும்மலங்களில், அதாவது உயிரைப் பிடித்த மூன்று அழுக்குகளில், ஒன்று. பரந்து விரிய வேண்டிய உயிரை அணுவாகச் சுருக்குவதால் அந்தப் பெயர் என்பார்கள். பெரிய ஆள் என்று நினைப்பு, ஆனால் ஆகிப்போவது அணு! வள்ளுவர் 'யான் எனது என்னும் செருக்கு' என்கிறார் (குறள் 346). துறவு அதிகாரத்தில் வந்தாலும் குடும்பச் சண்டைக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இக்காலத்தில் 'தன்முனைப்பு' என்று எழுதுகிறோம். என் ஓட்டு இதற்குத்தான். முனைப்பு நல்ல சொல்தான், 'தன்' முன்னால் ஒட்டும்போதுதான் குத்துகிறது.

சண்டை போட்ட இரவு. வாட்ஸப்பில் 'சாப்பிட்டியா' என்று தட்டுகிறான், அழிக்கிறான். 'அவளே முதல்ல பேசட்டும்.' சரி, இது தன்முனைப்பு.

இன்னொரு வீடு. சொந்தக்காரர்கள் முன்னால் "இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சிரித்திருக்கிறார் கணவர். எல்லாரும் போன அப்புறம், "இனிமே அப்படிச் சொல்லாதீங்க" என்கிறாள் மனைவி. "உனக்கு ஈகோ" என்று பதில் வருகிறது. அவளிடம் இருப்பதற்குத் தன்மதிப்பு என்று பெயர். மேலே சொன்ன நான்கு சொற்களும் அவருக்கு.