சீதனம்: யாருடைய தனம்?

சீதனம் என்பது கலியாணத்தை முன்னிட்டுப் பெண்ணின் பெற்றோர் அவளுக்கு எழுதிக்கொடுக்கும் காணி, வீடு, நகை, பணம், மாடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். 'அவளுக்கு' என்பதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. பழைய குடும்ப நாவல்களை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

மூலம் வடமொழி 'ஸ்த்ரீதனம்': பெண்ணின் சொத்து. ஸ்ரீதேவி நம் வாயில் சீதேவி ஆனதைப் போல இதுவும் முதலில் நின்ற மெய்க்கூட்டைக் குறைத்துச் சீதனம் ஆயிற்று. சீர் + தனம் என்று பிரித்துக்காட்டுவோர் உண்டு. அப்படியானால் 'சீர்த்தனம்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

தமிழ்நாட்டு வழக்கான வரதட்சணை வேறு சொல், வேறு பொருள். வரன் மாப்பிள்ளை, தட்சணை அவனுக்குக் கொடுப்பது. ஒன்று உடையவளைச் சொல்கிறது, மற்றது வாங்குகிறவனைச் சொல்கிறது. மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகும் காசுக்கு இங்கே, இலங்கையின் வடக்கில், 'டொனேசன்' என்று தனிப்பெயரே இருக்கிறது. அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கச்சி கலியாணத்துக்குப் போய்விடும். பெண்ணின் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இராது. கலியாணப் பேச்சில் இரண்டையும் ஒரே மூச்சில் 'சீதனம்' என்று சொல்லிவிட்டால், பிறகு பிணக்கு வரும்போது எது அவளுடையது என்று காட்ட வழியில்லை.

1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், சொத்தை மூன்றாக வகுக்கிறது: பரம்பரையாக வருவது முதுசம், பெண் கொண்டுவருவது சீதனம், மணவாழ்வில் சேர்ப்பது தேடியதேட்டம். தொகுக்கப்பட்டது யாழ்ப்பாணத்தில் என்றாலும் வன்னியில் புழங்குவதும் இதே சொற்கள்தான். சீதனம் பெற்றுப்போன மகள், பிற பிள்ளைகள் இருக்கும்போது, பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பது அதன் விதி. ஆகவே சீதனம் அன்பளிப்பு அல்ல, முன்கூட்டியே பிரித்துக் கொடுத்த பங்கு. நம் குடும்பக் கதைகளில் மூத்தவளுக்கு நல்ல வயலை எழுதியதும் இளையவளின் முகம் மாறுவதும், அண்ணன்மார் வாய் திறவாமல் காத்திருப்பதும் வெறும் பொறாமை அல்ல. அந்த விதியின் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

காணி என்றால் வாய்ச்சொல் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் சட்ட அலுவலர்) முன், இரண்டு சாட்சிகளோடு சீதன உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், முடிக்க வேண்டும். வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடியேற்றத் திட்டங்களின் வயலும் மேட்டுக்காணியும் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்த பேமிட் காணிகள், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அவற்றைக் கைமாற்றி எழுதினால் அந்த எழுத்து செல்லாது. இரண்டு ஏக்கரை இரண்டு மகள்மாருக்கு ஆளுக்கு ஒன்றாக நினைத்தபடி பிரிக்கவும் முடியாது. தகப்பன் 'கொடுத்தேன்' என்பார், மருமகன் விதைப்பார், பேமிட்டில் பின்னுரித்தாளராக மகனின் பெயர் இருக்கும். தகப்பன் கண்மூடிய பிறகே வழக்குத் தொடங்கும்.

ஆங்கிலக் குடும்ப நாவல்களுக்கு இந்தச் சொல்லைப் போடும்போது இன்னும் கவனம் வேண்டும். ஜேன் ஒஸ்ரினின் 1813ஆம் ஆண்டு நாவலில், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்', பெனட் குடும்பத்துக் காணியின் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண். ஆண்வாரிசு இல்லாததால் அது தூரத்து உறவினனுக்குப் போகும். தாய்க்கும் பிள்ளைகளுக்குமென்று கலியாண ஒப்பந்தத்தில் ஒதுக்கியது 5,000 பவுண். ஐந்து பெண்களுக்கும் பிரித்தால் தலைக்கு ஆயிரம். இதைச் சீதனம் என்றால் நம் வாசகர் அவள் பெயரில் உறுதி இருப்பதாக நினைப்பார். ஆனால் அக்கால இங்கிலாந்தில், தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால், மனைவியின் கைப்பணமும் நகையும் கணவனுடையவை. அது முழுதாக மாறியது 1882ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். ஆகவே பணத்தை 'மகள்பங்கு' என்றும், அதைக் காக்கும் எழுத்தை 'மண ஒப்பந்தம்' என்றும் எழுதினால் கதை புரியும். அந்தத் தாய் ஏன் ஓயாமல் மாப்பிள்ளை தேடுகிறாள் என்பதும் புரியும். அவளை வெறும் அலட்டல்காரியாக வாசிப்பது அநியாயம்.

நேரான தமிழ்ச் சொல் வேண்டுமா? 'மகட்கொடை' பொருந்தாது, அது மகளையே கொடுப்பது. பரிசம் எதிர்த்திசை, மாப்பிள்ளை பகுதி கொடுப்பது. சீர்வரிசை பாத்திரம் பண்டத்தோடு நின்றுவிடும். 'மணக்கொடை' வரதட்சணைக்குச் சரி. சீதனத்துக்கு மிக நெருங்குவது 'பெண்ணுடைமை', ஆனால் உறுதியில் அப்படி எழுதினால் நொத்தாரிசு பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கட்டுரையில் பெண்ணுடைமை என்றும், காணிக் காகிதத்தில் சீதனம் என்றும் எழுதுங்கள். டொனேசனுக்கு மட்டும் இரண்டையும் போடாதீர்கள்.