சிலேடை: ஒட்டி நிற்கும் இரு பொருள்

பிண்ணாக்கு என்ற சொல்லைப் பிரிக்கச் சொன்னால் நம்மில் பலரும் விழிப்போம். மாட்டுக்கு வைக்கிற பொருள், அதில் பிரிக்க என்ன இருக்கிறது? காளமேகப் புலவர் பிரித்தார். பிள் + நாக்கு. ளகரமும் நகரமும் சேர்ந்தால் ண்ண ஆகும் என்ற புணர்ச்சி விதி இருக்கிறதே, அதுவே அவருக்குப் போதும். பிளந்த நாக்கு பாம்புக்கு உண்டு. பிண்ணாக்கு எள்ளுக்கு உண்டு. ஆகவே பாம்பும் எள்ளும் ஒன்று என்று 15ஆம் நூற்றாண்டில் ஒரு வெண்பாவையே பாடி முடித்துவிட்டார்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் அடங்கும், ஆடும்போது சீறும். எள் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். செக்கு சுற்றும்போது சத்தம் கேட்கும். மூடியைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும், எண்ணெயோ நம் முகத்தைக் காட்டும். பாம்பு கடித்தால் விஷம் தலைக்கேறிப் பரபரக்கும். நல்லெண்ணெய் தேய்த்தாலும் மண்டை பரபரக்கத்தான் செய்யும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஒரு தொடர் இப்படி இரண்டு பொருளைச் சுமந்து நிற்பதற்குத்தான் சிலேடை என்று பெயர்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ஸ்லேஷம் என்பது மூலம். ஒட்டுதல், தழுவுதல் என்று பொருள்படும் வேரில் பிறந்தது. வேஷம் வேடமானதுபோல, பாஷை பாடையானதுபோல, இங்கேயும் ஷகரம் டகரமாயிற்று. இந்த வேரின் பிற பிள்ளைகளும் தமிழ்நாட்டில் உலவுகிறார்கள். வாதம், பித்தம், சிலேத்துமம் என்று சித்த வைத்தியர் சொல்லும்போது மூன்றாவதாக வரும் கபம் இதே வேர்தான், நெஞ்சில் ஒட்டிக்கொள்வதால். ஆயில்ய நட்சத்திரத்தின் வடமொழிப் பெயரான ஆஸ்லேஷாவும் அதே குடும்பம். சளிக்கும் சிலேடைக்கும் உறவு என்றால் சிரிப்பு வருகிறது. ஆனால் பெயர் வைத்தவர் எதைக் கண்டு வைத்தார் என்பது இதில் தெரிகிறது: பொருள் இரண்டாக இருப்பது மட்டுமல்ல, இரண்டும் ஒரே சொல்லோடு ஒட்டியிருக்க வேண்டும்.

தமிழில் இந்த அணிக்கு இலக்கணம் சொன்ன நூல் 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம். வடமொழியில் தண்டி எழுதிய காவியாதர்சத்தைத் தழுவியது. அதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. மூலநூலில் ஸ்லேஷம் என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, செய்யுளின் பத்துக் குணங்களில் முதலாவதாக. அங்கே அதற்கு நெகிழ்ச்சியில்லாத கட்டு என்று பொருள். மற்றொன்று, அணிகளில் ஒன்றாக. தமிழ் நூல் முதலாவதைச் ‘செறிவு’ என்று அழகாகத் தமிழாக்கிவிட்டு, இரண்டாவதைச் ‘சிலேடை’ என்று ஒலி மாற்றி மட்டும் வைத்துக்கொண்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால் இரண்டு பெயர் தேவைப்பட்டது. சிலேடை என்ற சொல்லே ஒரு காலத்தில் சிலேடையாக இருந்திருக்கிறது!

அந்த நூல் சிலேடையை இரண்டாகப் பகுக்கிறது. சொல் பிரியாமல் அப்படியே நின்று இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. அதற்குக் காட்டும் பாட்டில் ‘செங்கரங்களான் இரவு நீக்கும்’ என்று ஒரு தொடர். சூரியன் சிவந்த கதிர்களால் இரவை நீக்குகிறான். சோழன் சிவந்த கைகளால் கொடுத்து, பிறர் இரக்கும் நிலையை நீக்குகிறான். கரம், இரவு இரண்டும் பிரியவில்லை. பிண்ணாக்கைப்போல் பிரித்துப் பார்த்தால்தான் இன்னொரு பொருள் வரும் என்றால் அது பிரிமொழிச் சிலேடை.

சரி, தமிழ்ச் சொல் எது? இரட்டுற மொழிதல். இரண்டு பொருள் படும்படி சொல்லுதல். இது சிலேடைக்காகப் புதிதாகக் காய்ச்சிய மொழிபெயர்ப்பு அல்ல. நன்னூல் பாயிரத்தில், நூல் எழுதுபவர் கையாளக்கூடிய 32 உத்திகளில் ஒன்றாக இது இருக்கிறது. அங்கே பாட்டின் அழகு பற்றிய பேச்சில்லை. ஒரு நூற்பாவின் தொடரை இரு பொருளுக்கும் பொருந்த அமைக்கும் சிக்கனம்தான். ஒரு கல், இரண்டு மாங்காய். பின்னாளில் அந்தப் பெயரை அணிக்கும் வைத்துக்கொண்டோம், பொருத்தமாகவே இருக்கிறது.

அதே பாயிரம் பத்துக் குற்றங்களையும் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று ‘மயங்க வைத்தல்’: இதுவா அதுவா என்று படிப்பவர் திணறும்படி எழுதுவது. அதாவது இரு பொருள் வருவது ஓரிடத்தில் குற்றம், ஓரிடத்தில் உத்தி. வித்தியாசம் எளிது. ‘முருகனும் குமரனும் அவன் வீட்டுக்குப் போனார்கள்’ என்றால் யார் வீடு? ஒரு விடைதான் சரி, அது நமக்குத் தெரியவில்லை, அது மயக்கம். சிலேடையில் இரண்டு விடையும் சரி, இரண்டும் தெரிகின்றன.

இதை வைத்துப் பார்த்தால் சினிமாவின் இரட்டை அர்த்த வசனத்தைச் சிலேடை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அங்கே ஒரு பொருள் வெறும் போர்வை. தணிக்கைக்காரருக்குக் காட்ட மட்டும். எள்ளும் பாம்பும் அப்படி ஒன்றுக்கொன்று போர்வையாக இல்லை. ‘துப்பார்க்குத் துப்பாய’ குறளையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அதில் துப்பு என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பின்வருநிலை அணி, வேறு கதை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது தமிழ்ச் சொல்லே முதலில் அறிமுகமாகிறது. தமிழக அரசின் பத்தாம் வகுப்புப் பாடநூலில் ‘இரட்டுற மொழிதல்’ என்ற தலைப்பிலேயே தமிழழகனாரின் பாடல் இருக்கிறது, தமிழுக்கும் கடலுக்கும் சிலேடையாக. அதில் ‘மெத்த வணிகலமும்’ என்பதை மெத்த அணிகலம் என்று பிரித்தால் தமிழ் அணிந்த ஐம்பெருங்காப்பியங்கள்; மெத்த வணிகலம் என்று நிறுத்தினால் கடலில் போகும் வணிகக் கப்பல்கள். வணிகக் கலம் எப்படி வணிகலம் ஆயிற்று என்று முன் வரிசைப் பையன் கேட்டால் ஆசிரியர் கொஞ்சம் இருமித்தான் ஆக வேண்டும்.