சோத்துப் பார்சலில் வயிறு கெட்டால் யாரிடம் சொல்வது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு வாங்கிவைத்த முட்டை ரோல்ஸ் பெட்டியைப் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் திறக்கிறார்கள். மூடியின் உட்பக்கம் நீர் முத்து முத்தாக நிற்கிறது. இரவு ஏழு மணிக்கு ஒருவருக்குச் சத்தி, இன்னொருவருக்கு வயிற்றோட்டம், மூன்றாமவருக்கு இரண்டும். அவரவர் வீட்டில் ஜீவனி உப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, மறுநாள் லீவு போடுகிறார்கள். கடைக்காரருக்கு எதுவுமே தெரியாது. அதே சமையலறையிலிருந்து அடுத்த பெட்டி இன்னோர் அலுவலகத்துக்குப் போகும்.

இதைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் யாராவது ஒருவர் சொன்னால்தான் இப்படி நடந்தது அவர்களுக்குத் தெரியவரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொரோனா காலத்தில் அடிக்கடி காதில் விழுந்த தனிமைப்படுத்தல் சட்டம் 1897இல் வந்தது. அதன்படி மருத்துவர் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. உணவு நஞ்சாதல், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்), ஈரல் அழற்சி எல்லாம் அதில் இருக்கின்றன. சந்தேகம் வந்தாலே அறிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி மட்டுமல்ல, தனியார் டிஸ்பென்சரி மருத்துவருக்கும் இந்தக் கடமை உண்டு. அவர் அனுப்பும் படிவம் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் சொல்லும் பி.எச்.ஐ., வீட்டுக்கு வருவார். வாராந்தக் கணக்கு சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவுக்குச் சேரும்.

செய்திகளில் இதையே ‘உணவு ஒவ்வாமை’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. இறால் சாப்பிட்டால் ஒருவருக்கு மட்டும் உடம்பு தடிப்பதுதான் ஒவ்வாமை. கெட்டுப்போன சாப்பாட்டால் ஒரு பந்தியே படுத்துக்கொண்டால், அதற்கு யாரோ பொறுப்பு. சொல்லை மாற்றினால் பொறுப்பும் மறைந்துவிடுகிறது.

வீட்டுக்கு வரும் பி.எச்.ஐ. கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் கேட்கமாட்டார். கடந்த சில நாட்களாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, கூட யார் சாப்பிட்டது என்று கேட்பார். அதில் நேரம்தான் முக்கியம். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி வந்தால், பெரும்பாலும் கிருமி சாப்பாட்டில் ஏற்கெனவே சுரந்துவைத்த நஞ்சுதான் காரணம். சமைத்தவர் கையில் இருந்த புண்ணிலிருந்துகூட அந்தக் கிருமி வந்திருக்கலாம். சல்மொனெல்லா என்ற கிருமி என்றால் ஆறு மணித்தியாலத்திலிருந்து ஆறு நாள்வரை ஆகலாம். நெருப்புக் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். ஆகவே நேற்றைய ரோல்ஸைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, உண்மையான குற்றவாளி போன கிழமைச் சாப்பாடாக இருக்கக்கூடும். இன்னொன்று: ‘திருப்பிச் சூடாக்கினால் சரி’ என்பது எப்போதும் சரியல்ல. கிருமி சாகும், ஆனால் வெளியே வைத்த சோற்றிலும் முட்டையிலும் ஊறிய சில நஞ்சுகள் கொதித்தாலும் போகாது.

அப்புறம் கடை. இங்கே வருவது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். இதன் தலைமை அதிகாரி சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். களத்தில் நடைமுறைப்படுத்துவது உள்ளூராட்சி சபைகளின் அதிகாரிகள், நகருக்குள் என்றால் கொழும்பு மாநகர சபை. பி.எச்.ஐ. கடைக்குள் நுழைந்து பார்க்கலாம், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்கும் போடலாம். பலருக்குத் தெரியாத விஷயம், யாருக்கும் வருத்தம் வராவிட்டாலும் அசுத்தமான இடத்தில் உணவு செய்து விற்பதே குற்றம் என்பது. கரப்பான் ஓடும் சமையலறையைக் கண்டால், யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கடைக்கு விதிக்கும் தண்டப்பணம் உங்கள் கைக்கு வராது.

எனவே வயிறு கெட்டால் மிச்சத்தை வீசாதீர்கள். சுத்தமான டப்பாவில் மூடி பிரிட்ஜில் வையுங்கள், பில்லையும் வையுங்கள். குழந்தை, கர்ப்பிணி, வயோதிபர் என்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, சலம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருத்துவரிடம் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, வேறு யாருக்கு இப்படி என்று நீங்களாகவே சொல்லுங்கள். காலாவதியான பக்கற், போலி லேபல் போன்றவற்றுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

ஒரு சிக்கல் அடிக்கடி வரும். வீடு தெஹிவளையில், கடை வெள்ளவத்தையில். அறிவித்தல் தெஹிவளை அதிகாரிக்குத்தான் போகும், கடையோ கொழும்பு மாநகர சபை எல்லைக்குள். அதனால் கடை இருக்கும் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கும் நீங்களே முறைப்பாடு கொடுங்கள். சிங்களத்தில் எழுத வராதே என்று தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது, கொழும்பிலும்தான். பெயர், கடை முகவரி, திகதி, நேரம், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வருத்தம்: ஒரு பக்கம் போதும். பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.