சுண்ணாம்புக்கல், சுக்கான்கல்: சொல் விளக்கம்

'லைம்ஸ்டோன்' என்பதற்குப் புதுச்சொல் எதுவும் உருவாக்க வேண்டியதில்லை, சுண்ணாம்புக்கல் என்று நம்மிடம் எப்போதோ இருக்கிறது. சுண்ணம் என்றால் பொடி. வடமொழிச் சூர்ணத்திலிருந்து வந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சொல்கிறது, தனித்தமிழ் பக்கம் நிற்பவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. பழைய இலக்கியத்தில் பெரும்பாலும் பூசிக்கொள்ளும் வாசனைப் பொடிதான் சுண்ணம். இந்தக் கல்லைச் சுட்டுத் தண்ணீர் தெளித்தாலும் பொலபொலவென்று பொடிதான் மிஞ்சும்.

ஆக, கல் என்னவாக மாறும் என்பதைத்தான் பெயர் சொல்கிறது, எப்படி உண்டானது என்பதை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் குழப்பமே அங்கேதான். பாடப்புத்தகச் சுண்ணாம்புக்கல் படிவுப்பாறை: ஆழமில்லாத கடலில் சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள் எல்லாம் படிந்து இறுகியது. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் தோண்டுவது டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன அந்தக் கல்லைத்தான். நம் பக்கம் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் என்ற கடினப் பாறைகள், சுண்ணாம்புக்கல் இல்லை. அப்போ கொல்லையில் குழி வெட்டும்போது வெள்ளையாக உருண்டை உருண்டையாக வருகிறதே, அது?

அது சுக்கான்கல். பொறியாளர்கள் 'கங்கர்' என்பார்கள், அது இந்திச் சொல். மண்ணுக்குள் சுண்ணாம்பு கரைந்த நீர், வெயிலில் ஈரம் வற்ற வற்ற, கரைந்திருந்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது, அது திரண்டு கல்லாகிறது. இதற்குக் கடல் தேவையில்லை, மழை குறைந்து வெயில் காய்ந்தால் போதும்.

இரண்டுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதற்கு 3, இரும்புக் கத்தி கீறிவிடும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சுமார் 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோ சுத்தமான கல்லுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு தேறும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும், கடுக்காயும் வெல்லமும் சேர்த்த பழைய பூச்சுக்கும், சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு தெளியவும் இதுதான்.

நுரைத்தால் உடனே படிவுப்பாறை என்று முடிவுகட்டவும் முடியாது. ஒகேனக்கல்லிலும் சாமல்பட்டியிலும் ஒரு கார்பனேட் பாறை இருக்கிறது, அது பூமிக்குள்ளிருந்து உருகி வந்த பாறைக்குழம்பு இறுகியது, சிப்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை நான் கார்பனடைட் என்றே எழுதுவேன், சுண்ணாம்புக்கல் என்று எழுதினால் படிப்பவர் அங்கே கடலைத் தேடுவார்.